பொய்யுரைக்க அறியாத ஒற்றர்

சிறுவர்க்கென எழுதப்பெற்ற ஒரு சிறு நூலின் வாயிலாகவே யான் நூர் இனாயத் கான் என்னும் பெண்மணியை முதன்முதலில் அறிந்தேன். இரண்டாம் உலகப் போரிலே அவர் ஆற்றிய தொண்டோ, பிரித்தானியாவும் பிரான்சும் அவருக்கு அளித்த வீர விருதுகளோ அந்நாளில் எனக்குத் தெரியா.

2002 ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், விடைத்தாள் திருத்தும் வேலையாகக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் மாலை மருதானையிலே பழைய புத்தகக் கடையொன்றிற் குவிந்து கிடந்த நூல்களைக் கிளறியபோது, முதுகு கிழிந்த ஆங்கில நூலொன்று கையில் அகப்பட்டது. இருபது சாதகக் கதைகளைச் சிறுவர்க்கேற்ற எளிய நடையிலே கூறுவது அது. 1939 இல் இலண்டனில் வெளிவந்த நூலின் மறுபதிப்பு. ஆசிரியர் பெயரோ முஸ்லிம் பெயர். ஐரோப்பாவில் வாழ்ந்த ஓர் இஸ்லாமியப் பெண் புத்தர் பெருமானின் முற்பிறப்புக் கதைகளை ஏன் எழுதினார் என்ற வியப்பினாலேயே அதனை விலைக்கு வாங்கினேன்.

சாதகக் கதை என்றவுடன் அது நமக்குரியதன்று என ஒதுக்கும் மனப்பான்மை நம்மிற் சிலரிடத்து உண்டு. மணிமேகலையைப் பாடஞ் சொல்லும் நாம் அவ்வாறு ஒதுக்குதல் நகைப்புக்கிடமானது. புறாவின் பொருட்டுத் தன் ஊனை அரிந்த மன்னனைச் சோழர் குலத்து முன்னோனாகச் சங்கப் புலவரும் இளங்கோவடிகளும் போற்றியிருக்கின்றனர். அதே சிபியின் பெயரால் ஈகைக் கதையொன்று ஆரியசூரரின் சாதகமாலையிலும் வருகின்றது. அங்கே அவன் ஈவது கண்களை. கதைகள் மதத்தின் வேலிக்குள் நிற்பனவல்ல.

ஊர் திரும்பும் வழியிலே சோதனைச் சாவடியிற் பைகள் யாவும் திறந்து பார்க்கப்பட்டன. அக்காலத்தில் அது புதுமையன்று. எனது பையினின்றும் அந்நூலை எடுத்த இளம் படைவீரன் ஒருவன் ஏடுகளைப் புரட்டினான். படமொன்றைக் கண்டு சற்றே நின்றான். தான் சிறுவயதிற் கேட்ட கதை என அறிந்துகொண்டான் போலும். யாதும் பேசாமல் நூலை மூடி இரு கைகளாலும் திருப்பித் தந்தான். அந்நிகழ்ச்சியை ஏன் இங்கே குறிப்பிடுகின்றேன் என்பது பின்னர் விளங்கும்.

நூரை நேரில் அறிந்தோர் விட்டுச் சென்ற நினைவுகள் பல. தோழியாகிய ஜீன் ஓவர்டன் புல்லர் 1952 இல் எழுதிய வரலாறு அவற்றுள் முந்தியது. தம்பி விலாயத்தும், சங்கேத மொழி கற்பித்தவரும், சிறை அதிகாரியும், பகைவருங்கூடச் சொல்லிச் சென்றவை உள. அவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து ஷ்ரபானி பாசு 2006 இல் விரிவான வரலாறொன்று எழுதினார். யான் ஆங்கில அகராதியின் துணையோடு இவற்றைச் சிறிது சிறிதாகப் படித்தேன். படித்தவற்றை ஒருமுறை மாணவர்க்குக் கூறியபோது பிழையொன்று செய்தேன். அந்தக் கடனைத் தீர்ப்பதும் இக்கட்டுரையின் ஒரு நோக்கம்.

நூர் 1914 ஆம் ஆண்டின் முதல் நாளில் மொஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்தவர், வீணை வித்தகர், சூபி ஞானநெறியை மேல்நாடுகளிற் பரப்பியவர். தாயார் ஓரா ரே பேக்கர் அமெரிக்கர். மணத்தின் பின் அமீனா பேகம் எனப் பெயர் பூண்டார். தந்தையாரின் தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ், மைசூர் நாட்டிற் கர்நாடக இசை பயின்று பரோடாவில் இசைப்பள்ளி நிறுவியவர். அவருடைய மனைவி திப்பு சுல்தானின் வழித்தோன்றல். இதனைக் கொண்டு நூரை இளவரசி என எழுதுவோர் பலர். எனக்கு அதிற் பெருவிருப்பமில்லை. ஆள்வதற்கு ஒரு சாண் நிலமுமின்றி, அன்பர் ஒருவர் வாங்கியளித்த வீட்டில் வாழ்ந்த குடும்பம் அது. அவ்வீடு பாரிஸ் நகரின் அயலிலுள்ள சுரேன் என்னுமிடத்திலே, பஸல் மன்ஸில் என்ற பெயரோடு இன்றும் உள்ளது.

அவ்வீட்டிலே பொய்யுரைத்தல் பெருங்குற்றம். பிள்ளைகளுக்குத் தந்தையார் கற்பித்த முதற்பாடம் வாய்மை. 1926 இல் இந்தியாவுக்குச் சென்ற அவர் மறு ஆண்டு டில்லியிற் காலமானார். தாயார் துயரத்தாற் படுக்கையில் வீழ்ந்தார். மூத்தவளாகிய நூருக்கு அப்போது வயது 13. தம்பியர் இருவரையும் தங்கையையும் பேணும் பொறுப்பு அச்சிறுமியின் தோளில் ஏறிற்று. மெலிந்த குரலும் கூச்சமும் உடைய இப்பெண் தன்னை முற்றாக மறந்து வீட்டைத் தாங்கினாள் எனத் தம்பி விலாயத் முதிய வயதிலும் நினைவுகூர்ந்து வந்தார்.

பின்னர் நூர் சோர்போன் பல்கலைக்கழகத்திற் குழந்தை உளவியல் பயின்றார். பாரிஸ் இசைக் கல்லூரியொன்றிலே பியானோவோடு, ஹார்ப் என்னும் மேல்நாட்டு யாழையும் கற்றார். யாழ் என்று யான் கூறுவது அலங்காரத்துக்கன்று. வில்லிலிருந்து பிறந்த நரம்புக் கருவிகள் ஒரு குடும்பத்தன. நம் விபுலானந்த அடிகளார் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலைப் படித்தோர்க்கு அவ்வுறவு தெளிவாகும். நூர் தம் யாழோடு இருக்கும் நிழற்படத்தைக் கண்டபோது, தமிழாசிரியனாகிய எனக்கு அந்நியர் ஒருவரைக் காண்பதாகத் தோன்றவில்லை.

சிறுவர் கதைகளை அவர் பாரிஸ் வானொலிக்கும் பத்திரிகைக்கும் எழுதினார். சாதகக் கதை நூல் 1939 இல் வெளிவந்தது. சிறுவர்க்கென ஒரு பத்திரிகை தொடங்கவும் திட்டமிட்டார். அத்திட்டம் போரோடு போயிற்று.

1940 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஜேர்மன் படைகள் பாரிஸை நெருங்கின. அகிம்சை நெறியில் வளர்ந்த அக்காளும் தம்பியும் கூடி ஆராய்ந்ததை விலாயத் பின்னாளில் விரிவாகக் கூறியுள்ளார். கொலை பாவம், ஆனால், கொல்வோனைத் தடுக்காது பார்த்திருத்தலும் அப்பாவத்தில் ஒரு பங்கன்றோ என்பது அவர்களை வருத்திய வினா. தம் கையாற் கொல்லாதவாறு, அதே வேளையில் பிறரினும் கூடுதலான ஆபத்தை ஏற்கும் பணியொன்றைத் தேடுவதென முடிவு செய்தனர். குடும்பம் போர்தோ வழியாகக் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது. விலாயத் பின்னர் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் கப்பலிற் பணிபுரிந்தார். நூர் 1940 நவம்பரில் விமானப்படையின் மகளிர் துணைப்படையிற் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பயின்றார். குளிரினால் வீங்கிய விரல்களோடு அவர் கருவியை ஓங்கி ஓங்கித் தட்டுவதை உடன்பயின்றோர் கேலி செய்வராம். யாழ் நரம்பை வருடிய விரல்கள் அவை.

பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சையொன்று 1942 இல் நடந்தது. இந்தியாவின் விடுதலை குறித்து அதிகாரிகள் வினவினர். போர் முடியும்வரை பிரித்தானியாவுக்கு உண்மையாயிருப்பேன். அதன்பின் என் நாட்டின் விடுதலையையே ஆதரிப்பேன் என்ற கருத்துப்பட நூர் விடையளித்தார். வேறொருவராயின் வினாவைத் தவிர்த்திருப்பர். நூருக்குத் தவிர்க்கத் தெரியவில்லை. தேர்விலே தவறிவிட்டதாகவே எண்ணி வீடு திரும்பினார். ஆயினும் அப்பதவி அவருக்குக் கிடைத்தது.

அந்நாளில், எஸ்.ஓ.இ. என்னும் மூன்றெழுத்தாற் குறிக்கப்பட்ட விசேட நடவடிக்கைப் படையொன்று இலண்டனில் இயங்கியது. பகைவர் பிடித்த நாடுகளுக்குள் இரகசியமாக ஆட்களை இறக்கி, எதிர்ப்பியக்கங்களை வளர்ப்பது அதன் வேலை. பிரெஞ்சு மொழியைத் தாய்மொழி போலப் பேசுவதோடு தந்தியும் அறிந்த ஒருவரை அப்படை தேடிக்கொண்டிருந்தது. 1942 நவம்பரில் நூரை அழைத்துப் பேசியவர் நாவலாசிரியராகவும் விளங்கிய செல்வின் ஜெப்சன். சீருடையின் பாதுகாப்பு இல்லை, பிடிபட்டால் மரணம் எனத் தாம் ஒளிக்காது கூறியதையும், நூர் சிறிதும் தயங்காது இசைந்ததையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பயிற்சி அளித்தோர் கருத்து வேறாயிருந்தது. ஒற்றருக்குரிய இலக்கணத்தை வகுக்கும்போது, ஐயுறாத உருவமும் அஞ்சாத நோக்கும் உற்றதை வெளிவிடாத திண்மையும் வேண்டும் என்றார் வள்ளுவர். நூரிடம் இவற்றுள் எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு முறை கண்டார் மறவாத முகம்; சிறு ஓசைக்கும் திடுக்கிடும் சுபாவம்; இரட்டை வேடம் போடுதல் தமக்கு இசையாது எனத் தாமே கூறிவிட்டார். நள்ளிரவில் எழுப்பிப் பகைவர் போல நடித்து வினவிய ஒத்திகையிலே அவர் குரலே எழவில்லை என உடனிருந்த அதிகாரி ஒருவர் சொல்லியிருக்கின்றார். இவரை அனுப்புதல் தகாது எனச் சிலர் எழுதினர். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் பக்மாஸ்டர் அக்கருத்தை ஏற்கவில்லை. தந்தி தெரிந்தோர் பற்றாக்குறை அத்துணைக் கடுமையாயிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

சங்கேத மொழி கற்பித்த லியோ மார்க்ஸ் 1998 இல் வெளியிட்ட நினைவு நூலிலே சுவையானதொரு செய்தி உண்டு. மாணவியைச் சந்திக்குமுன் அவர் நூரின் சாதகக் கதைகளைத் தேடி வாசித்தாராம். சங்கேதத்திற் பிழை நேரும்போதெல்லாம் குரங்கரசன் கதையை நினைவூட்டித் திருத்தினார். ஓங்கிக் குதித்தால் பாலம் முறியும். தவறான எழுத்தொன்றை அனுப்புவதும், கேட்போருக்குப் பொய் சொல்வதே. இவ்வாறு சொன்னபின் நூரின் பிழைகள் குறைந்தன. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு, இவ்வரலாற்றிலே மிகவும் பிடித்த பகுதி இதுவே. மாணவரின் மனத்தில் ஏற்கெனவே உள்ளதைக் கண்டு அதன்மேற் கட்டுவதன்றோ கற்பித்தல்! பிடிபட்டாலன்றிப் பதினெட்டெழுத்துத் திறவுகோலைப் பயன்படுத்தலாகாது என்ற ஓர் அடையாளத்தையும் மார்க்ஸ் அவருக்கு மட்டும் தனியே கற்பித்தார்.

புறப்படுமுன் நூரை வருத்தியது ஒன்றே: தாயார். தாம் இறந்தமை உறுதியானாலன்றித் தாயாருக்குத் தீய செய்தி எதுவும் அறிவிக்கலாகாது என வேண்டினார். வழியனுப்ப வந்த வீரா அட்கின்ஸ் என்னும் அதிகாரி, தம் மேற்சட்டையில் அணிந்திருந்த வெள்ளிப் பறவை ஊசியை நூர் வியந்து நோக்கக் கண்டு, அதனைக் கழற்றி அவருக்கே சூட்டினார்.

1943 ஜூன் 16 ஆம் திகதி நள்ளிரவை அடுத்துச் சிறு விமானமொன்று ஆஞ்சே நகருக்கு அயலேயுள்ள வயலில் அவரை இறக்கியது. பகைவர் பிடித்த பிரான்சுக்கு அப்படை அனுப்பிய முதலாவது பெண் தந்தியாளர் அவரே. சங்கேதப் பெயர் மடலேன். பத்திரங்களிலே எழுதிய பெயர் ஜான் மரி ரெனியே, குழந்தைகளைப் பராமரிக்கும் தாதி. தொடக்கத்தில் அவர் செய்த தவறுகள் பல. தேநீர் வார்க்கும்போது ஆங்கிலேயர் வழக்கப்படி பாலை முதலில் ஊற்றினார். விருந்தளித்த அம்மையார் பதறித் திருத்தினார். சங்கேதத் தாள்கள் இருந்த பையைப் பிறர் நடமாடும் கூடத்திலே மறந்து விட்டுச் சென்றார்.

பத்து நாள் கழியுமுன் பேரிடி வீழ்ந்தது. அவர் சேர்ந்திருந்த புறொஸ்பர் வலையமைப்பின் தலைவர் பிரான்சிஸ் சட்டிலும், தந்தியாளரும், உடனுழைத்த பலரும் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபட்டனர். நூரைத் திரும்பி வருமாறு இலண்டன் பணித்தது. தமக்குப் பதிலாக ஒருவர் வரும்வரை இடத்தைவிட்டு அகலமாட்டேன் என அவர் மறுத்தார். அக்காலத்தில் தந்தியாளர் ஒருவர் பிடிபடாமல் வாழக்கூடிய காலம் ஆறு வாரம் எனக் கணக்கிட்டிருந்தனர். நூர் ஏறத்தாழ நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். முடியின் நிறத்தை மாற்றினார். வீடு விட்டு வீடு மாறினார். இளமையில் தம்மை அறிந்த சுரேன் ஊரார் கதவுகளைத் தட்டினார். அவர்களும் திறந்தனர். ஏறத்தாழ பதினைந்து கிலோ நிறையுள்ள கருவியைக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சுரங்கப் புகையிரதத்திலே ஜேர்மன் வீரர் இருவர் அப்பெட்டியைச் சுட்டி உள்ளே என்ன என வினவியதாக ஒரு செய்தி உண்டு. சினிமாப் படங்காட்டும் கருவி என்றார் நூர். பெட்டியைச் சிறிது திறந்தும் காட்டினார். அவ்வீரர் நம்பிச் சென்றனர். இவ்விடத்தை யான் வாசித்தபோது எனது கையிலும் ஒரு பை கனத்தது. திறந்த பையின் முன்னே நிற்கும் அந்தச் சில விநாடிகள் எத்தகையன என்பதை நம் நாட்டு வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனது பையிலோ கதைப் புத்தகமே இருந்தது. அக்கதையை எழுதிய பெண்ணின் பெட்டியில் இருந்ததோ அவர் உயிர்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் யாரோ காட்டிக்கொடுத்தனர். ஒருவர் மீது பின்னாளில் வழக்கு நடந்து குற்றம் நாட்டப்படவில்லை. ஆதலின் பெயர் கூறுதல் முறையன்று. பிடிக்க வந்தவனைக் கடித்துப் போராடிய நூரைப் பாரிஸில் போஷ் நிழற்சாலை 84 ஆம் இலக்க இல்லத்துக்குக் கொண்டு சென்றனர். நாசிகளின் பாதுகாப்புப் பிரிவு அங்கேதான் இருந்தது. சென்றவுடனேயே குளிக்க அனுமதி கேட்டு, குளியலறைச் சாளரத்தின் வழியே கூரைக்குத் தாவினார், பிடிபட்டார்.

அவரிடமிருந்து எச்செய்தியையும் பெற இயலவில்லை. அவர் கூறியன யாவும் பொய் என்பதே அவ்வில்லத்தின் தலைவன் ஹான்ஸ் கீபர் போருக்குப் பின் அளித்த சாட்சியம். வாசகர் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டுகிறேன். பொய்யுரைக்க அறியார் எனப் பயிற்சியாளர் எவரைக் கைவிட எண்ணினரோ, ஒத்திகையில் எவருக்குக் குரல் எழவில்லையோ, அவரே மெய்யான பகைவர் முன்னே நாட்கணக்காகப் பொய்யுரைத்து நின்றார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்ற வள்ளுவர் கூற்றை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பிலே விளக்கியிருக்கின்றேன். அதற்கு அரிச்சந்திரனையன்றி வேறு உதாரணம் தேடாத நம் பழக்கம் எவ்வளவு குறைபாடுடையது! அரிச்சந்திரன் பொய்யே சொல்லாதவன். அவன் கதை அக்குறளுக்கு விடையன்று.

நவம்பர் 25 ஆம் திகதி இரவு, நூரும் உடனிருந்த கைதிகளாகிய ஜோன் ஸ்டாரும் லெயோன் பாயேயும் திருகாணி முடுக்கியால் மேற்சாளரக் கம்பிகளைக் கழற்றிக் கூரைமீது ஏறினர். அந்நேரம் பார்த்து வான்தாக்குதல் அபாயச் சங்கு ஒலித்தது. காவலர் அறைகளைச் சோதித்தனர். மூவரும் மீண்டும் அகப்பட்டனர். இனித் தப்ப முயல்வதில்லை என வாக்குறுதி தருமாறு கீபர் கேட்டான். ஸ்டார் கொடுத்தார். நூரும் பாயேயும் மறுத்தனர்.

பொய்யாக ஒரு வாக்குறுதி எழுதிக் கொடுத்திருக்கலாமே எனத் தோன்றும். பகைவனுக்குப் பொய்த் தகவல் கூறிய நூர், தம் வாக்கைப் பொய்யாக அடகு வைக்கச் சம்மதிக்கவில்லை. முன்னது பிறரைக் காக்கச் சொன்னது; பின்னது தம்மைக் காக்கச் சொல்ல வேண்டியது. வேறுபாடு அவ்வளவே என்பது எனது எண்ணம். அம்மறுப்பின் விலையாக அவரை உடனே ஜேர்மனிக்கு அனுப்பினர். போர்ட்ஸ்ஹைம் சிறையிலே, கைகால்களை விலங்கினாற் பிணைத்துத் தனியறையில் ஏறத்தாழ பத்து மாதம் வைத்திருந்தனர். முதியவராகிய சிறை அதிகாரி இரங்கிக் கைவிலங்கை ஒருமுறை கழற்றியபோது மேலிடத்திலிருந்து கண்டனம் வந்ததாம். உணவுக் கிண்ணத்தின் அடியிலே கீறி எழுதி, அடுத்த அறைகளில் இருந்த பிரெஞ்சுப் பெண்களோடு நூர் பேசினார். தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்து நோரா பேக்கர் எனத் தம் பெயரையும் இலண்டன் முகவரியையும் எழுதினார். அவ்வறையில் இன்னார் இருந்தார் என்பதைப் பின்னர் உலகு அறிந்தது அக்கிண்ணத்தினாலேதான்.

இனி எனது கடனுக்கு வருகின்றேன்.

2012 நவம்பரில் இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் நூரின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்ட செய்தி வந்தபோது, மாணவர் மன்றத்திலே அவரைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினேன். மேலே கூறியவற்றையே பெரும்பாலும் கூறினேன். முடிவில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, அவர் எதுவும் சொல்லவில்லையாயின் அவருக்குப் பின் வந்து இறங்கியோர் எவ்வாறு பிடிபட்டனர் என வினவினாள். நூலகத்தில் எதையோ படித்திருந்தாள். போரில் அவ்வாறு பல நிகழும் எனச் சொல்லி மழுப்பிவிட்டேன். கைதட்டலோடு கூட்டம் கலைந்தது. விடை எனக்குத் தெரிந்திருந்தது என்பதே வெட்கம்.

விடை இதுதான். நூர் தாம் அனுப்பிய செய்திகளையெல்லாம் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பி போன்ற ஓர் ஏட்டிலே எழுதி வைத்திருந்தார். செய்திகளைக் கோவைப்படுத்துக என்ற பொருளிலே தமக்கு இடப்பட்ட கட்டளையை, சேமித்து வைத்தல் எனப் பிழையாக விளங்கிக்கொண்டார் போலும். எரித்திருக்க வேண்டிய ஏடு அது. கைதான அன்று கருவியும் ஏடும் ஒன்றாகவே பகைவர் கையிற் சிக்கின. அவற்றைக் கொண்டு, நூரே அனுப்புவது போல ஜேர்மானியர் இலண்டனுக்குத் தந்தி அடித்தனர். பதினெட்டெழுத்து அடையாளத்தை மார்க்ஸ் கண்டுகொண்டதாகத் தம் நூலிற் கூறுகின்றார். ஆனால், ஆட்களை அனுப்புவது நிற்கவில்லை. இலண்டனின் குற்றம் இதிற் பெரிது என்பேன். ஆயினும் ஏடு நூருடையது.

1944 பெப்ரவரி 29 ஆம் திகதி இரவு மூவர் வான்குடையில் இறங்கினர். கீழே விளக்கசைத்து வரவேற்றோர் ஜேர்மானியர். மூவருள் ஒருவர் பிரான்ஸ் அந்தெல்ம். நூர் பாரிஸுக்கு வந்த நாட்களிலே துணைநின்ற நண்பர். இன்னொருவர் மடலேன் டமர்மான் என்னும் இளம்பெண். நூரின் சங்கேதப் பெயர் எதுவோ அதுவே அவருடைய இயற்பெயர்.

அவ்வாண்டு செப்டெம்பரிலே நூரைச் சிறையினின்றும் எடுத்து, கார்ல்ஸ்றூகே நகரிலிருந்து வேறு மூன்று பெண்களோடு புகையிரதமேற்றினர். அம்மூவரும் அதே படையைச் சேர்ந்தவர்: யொலாண்ட் பீக்மன், எலியான் பிளூமன், மூன்றாமவர் மடலேன் டமர்மான். நால்வரும் ஒருவரையொருவர் கண்டு மகிழ்ந்து, சாளரத்தோரம் இருந்து மலைகளைப் பார்த்தவாறு பேசிக்கொண்டு சென்றனர் என உடன்சென்ற காவலன் பின்னர் வாக்குமூலம் அளித்தான். செப்டெம்பர் 13 ஆம் திகதி காலையிலே டகாவ் வதைமுகாமில் நால்வரையும் சுட்டனர். நூருக்கு வயது 30. விடுதலை என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அவர் இறுதியாகக் கூறியது என்பர் சிலர். யான் அதனை வகுப்பிற் சொல்வதில்லை. அச்சொல் இன்றியும் அவர் வரலாறு குறைபடாது.

அவர் முடிவை அறியச் சில ஆண்டுகள் சென்றன. வேறொரு முகாமில் இறந்ததாகவே முதலிற் பதிவு செய்திருந்தனர். 1947 இல் வீரா அட்கின்ஸ் சிறையிலிருந்த கீபரைச் சந்தித்து நூரின் முடிவைக் கூறியபோது அவன் கண்ணீர் விட்டான் என்கின்றனர். வீரா அதனைச் சிறிதும் மதிக்கவில்லை. பிரான்சு பொன்விண்மீனோடு கூடிய போர்ச் சிலுவை விருதை 1946 இல் அளித்தது. பிரித்தானியா தன் மிகவுயர்ந்த வீர விருதுகளுள் ஒன்றாகிய ஜோர்ஜ் சிலுவையை 1949 ஏப்ரிலில் அறிவித்தது. அதற்கு அடுத்த மாதம் தாயார் காலமானார்.

எனது மாணவி இப்போது தீவகத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியை. சென்ற ஆண்டு அவளுக்குக் கடிதம் எழுதி, அன்று மறைத்ததைக் கூறினேன். குரங்கரசன் கதையின் பாலி மூலத்தை வாசித்தீர்களா, ஐயா, என்று கேட்டுப் பதில் எழுதியிருந்தாள். அவள் சொல்லியே மொழிபெயர்ப்பொன்றைத் தேடிப் படித்தேன். வில்லாளர் சூழ்ந்த மரத்திலிருந்து தன் கூட்டத்தைக் காக்க, குரங்கரசன் ஆற்றைத் தாவிக் கடந்து, நீண்ட மூங்கிற் கொடியொன்றை அளந்து வெட்டித் தன் இடையிற் கட்டிக்கொண்டு மீண்டும் தாவுகின்றான். இடையிற் சுற்றும் பகுதிக்கு வேண்டிய நீளத்தை அளவிற் சேர்க்க மறந்துவிடுகின்றான். கொடி எட்டவில்லை. கைகளாற் கிளையைப் பற்றிக்கொண்டு, குறைந்த நீளத்துக்குத் தன் உடலையே நீட்டுகின்றான். முதுகின்மேற் கூட்டம் கடக்கின்றது. கடைசியாக வந்த குரங்கின் பாய்ச்சலில் அவன் நெஞ்சு முறிகின்றது.

இருபது ஆண்டுகளாக அக்கதையைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவன் யான். அளவு பிழைத்த இடம் எனக்குத் தெரியாமலே இருந்தது. இம்முறை அதனையும் சேர்த்துச் சொன்னேன். முன் வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன், குரங்கரசன் அளந்தபோது யாரும் அருகில் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லையா என்று கேட்டான். இல்லை, தனியாகத்தான் இருந்தான் என்றேன்.

டகாவிலே சுவரிற் பதித்த நினைவுப் பலகையொன்றில் அந்நான்கு பெண்களின் பெயர்களும் ஒன்றாகவே பொறிக்கப்பட்டுள்ளன.